மட்டமான உலர்தீவனம் தின்னும் செம்மறிக்குக் கூடுதல் தீவனம்: எங்கே தவறுகிறோம்?

வயிறு உப்பியிருக்கும், முதுகில் கை வைத்தால் தண்டெலும்பு கூராகக் குத்தும். தரம் குறைந்த காய்ந்த புல்லையே தின்று வரும் செம்மறியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தொட்டி நிறையத் தீவனம் கிடக்கிறது, ஆடும் நாள் முழுக்க மென்றுகொண்டுதான் இருக்கிறது, பிறகு ஏன் இளைக்கிறது? குடற்புழு காரணமாக இருக்கலாம், முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும். புழு நீக்கிய பிறகும் தேறவில்லை என்றால் தீவனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விதை முற்றிய பிறகு அறுத்த புல், இலை உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியது, மழையில் நனைந்து மறுபடி காய்ந்தது, வைக்கோல், தட்டை. இவற்றில் புரதம் பெரும்பாலும் 7 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும். வைக்கோலில் 3, 4 சதவீதம் இருந்தாலே அதிகம். ஆட்டு வயிற்றின் முதல், பெரிய அறையான பெருவயிற்றில் நாரைச் செரிக்க வைப்பவை அங்கே வாழும் நுண்ணுயிரிகள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும், அது புரதத்திலிருந்து வர வேண்டும். புரதம் போதாதபோது அவை பட்டினி கிடக்கின்றன. நார் செரிக்காமல் வயிற்றிலேயே தேங்குகிறது. பழையது நகராததால் புதிதாகத் தின்ன இடமில்லை. நல்ல புல் என்றால் உடல் எடையில் 3 சதவீதம் வரை தின்னும் ஆடு, இதில் ஒன்றரை, இரண்டு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். சத்தும் குறைவு, தின்பதும் குறைவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இது புரிந்துவிட்டால் பாதித் தவறுகளைத் தவிர்த்துவிடலாம். நாம் தீவனம் போட வேண்டியது முதலில் அந்த நுண்ணுயிரிகளுக்கு, அப்புறம்தான் ஆட்டுக்கு.

இளைத்த ஆட்டுக்குத் தானியம்

எல்லாரும் செய்வது இதைத்தான். ஆடு மெலிந்தால் மக்காச்சோளமோ வேறு தானியமோ ஒரு கை அள்ளிப் போடுவது. தானியத்தில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது வேகமாகப் புளித்து வயிற்றில் அமிலத்தைக் கூட்டும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கு அமிலம் ஆகாது, பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 6-க்குக் கீழே இறங்கினால் அவை வேலையை நிறுத்திவிடும். அதாவது, காய்ந்த புல்லில் கொஞ்சநஞ்சம் கிடைத்துவந்த சத்தும் போய்விடும். தானியம் கொடுத்த பிறகு தொட்டியில் புல் முன்பைவிட அதிகமாக மிஞ்சுகிறதா? விஷயம் இதுதான்.

திடீரென்று நிறையக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். ஆடு தீவனத்தை வெறுத்து, தள்ளாடி, கழிந்து, ஓரிரு நாளில் செத்தும் போகலாம். மூட்டையை அவிழ்த்துத் தானாகத் தின்ற ஆட்டுக்கும், மிஞ்சிய சோற்றைக் கொட்டித் தின்ன வைத்த ஆட்டுக்கும் ஒரே கதிதான். தானியம் கட்டாயம் வேண்டும் என்றால் 50 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றி, ஒரு நாள் அளவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் கொடுக்க வேண்டியது புரதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோ எடையுள்ள, சினையும் இல்லாத பாலும் கொடுக்காத பெட்டை ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதம் வேண்டும். 4 சதவீதப் புரதமுள்ள காய்ந்த புல்லை அது அரை கிலோ தின்றால் கிடைப்பது 20 கிராம். துண்டு விழுவது 40. கடலைப் புண்ணாக்கில் சுமார் 40 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் புண்ணாக்கு அந்த இடைவெளியை அடைத்துவிடும். புண்ணாக்கு இல்லையா, நன்றாகக் காய்ந்து பச்சை நிறம் மாறாத குதிரைமசால் என்ற தீவனப்பயிர் கால் கிலோ போட்டால் ஏறக்குறைய அதே பலன். இப்படிக் கொடுக்கத் தொடங்கிய சில நாட்களில் ஆடு அந்த மட்டமான புல்லையே அதிகமாகத் தின்ன ஆரம்பிக்கும். புண்ணாக்கின் உண்மையான லாபம் அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புண்ணாக்கைத் தினமும் போட்டாக வேண்டும் என்றில்லை. உடலில் மிஞ்சும் நைட்ரஜனின் ஒரு பகுதியை ஆடு எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் பெருவயிற்றுக்கே திருப்பி அனுப்பிக்கொள்ளும். அதனால் இரட்டிப்பு அளவை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தாலும் பலன் அதிகம் குறையாது. வேலையாள் பற்றாக்குறை உள்ள பண்ணைக்கு இது பெரிய உதவி. ஆனால் தானியத்துக்கும் யூரியாவுக்கும் இந்தச் சலுகை கிடையாது.

யூரியா

புரதத்துக்குப் பதில் யூரியா கொடுக்கலாம் என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஆபத்தை விலைக்கு வாங்குபவர்கள் உண்டு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நுண்ணுயிரிகள் அதைப் புரதமாக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு மாவுச்சத்தோ சர்க்கரையோ கூடவே வேண்டும். இல்லையென்றால் அம்மோனியாவாகி ரத்தத்தில் கலந்துவிடும். நடுக்கம், வாயில் நுரை, வயிறு உப்பல், மூச்சுத் திணறல் என்று அரை மணி நேரத்திலேயே தொடங்கி, மருத்துவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடலாம்.

ஒரு நாளைய மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டவே கூடாது. தண்ணீரில் கரைத்து வைப்பது, கட்டி உடையாமல் கலப்பது, பசியோடு வரும் ஆட்டுக்கு முதல் நாளே முழு அளவைப் போடுவது, இன்னும் அசைபோடப் பழகாத குட்டிக்குக் கொடுப்பது, எல்லாமே உயிருக்கு உலை வைக்கும் வேலை. வறுக்காத சோயாவோடும் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள ஒரு நொதி யூரியாவை ஒரேயடியாக உடைத்துவிடும்.

வைக்கோலை யூரியா நீரில் பதப்படுத்திக் கொடுப்பது இதைவிடப் பாதுகாப்பு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, சுமார் 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகச் சீராகத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடி வைத்து, பிரித்த பிறகு நெடி போகும்வரை ஆற வைத்துப் போட வேண்டும். புரத அளவு 7 சதவீதத்தை எட்டும், நாரும் இளகும். என்னைக் கேட்டால், துல்லியமாக எடை போடும் பழக்கம் இல்லாதவர் யூரியா பக்கமே போகாமல் புண்ணாக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மாட்டுக்கு வாங்கிய தாது உப்பு

கொட்டகையில் மாட்டுக்கான தாது உப்புக் கலவை இருக்கும், அதிலேயே ஒரு கரண்டி ஆட்டுக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் மாட்டுக் கலவையில் தாமிரம் அதிகம். செம்மறியின் உடலுக்குத் தாமிரத்தைச் சீக்கிரம் வெளியேற்றத் தெரியாது. கல்லீரலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது. ஒரு நாள் வண்டியில் ஏற்றி இறக்கிய அலைச்சலிலோ தீவனம் மாறியதிலோ அத்தனையும் ரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும், பிறகு காப்பாற்றுவது கடினம். பன்றி, கோழித் தீவனமும் இதே காரணத்தால் ஆகாது. பையில் ‘செம்மறிக்கு’ என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

தவிட்டையே அதிகம் நம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. கிடாவுக்கும் காயடித்த ஆட்டுக்கும் சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பது பல நேரம் இதனால்தான். பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு சுண்ணாம்புச்சத்து இருக்கும்படி சரிக்கட்ட வேண்டும், தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

சினை ஆட்டையும் மற்றதையும் ஒன்றாக நடத்துவது

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அதே நேரத்தில் கருப்பை விரிந்து பெருவயிற்றை நெருக்குவதால் ஆடு தின்னும் அளவு குறைகிறது. வெறும் காய்ந்த புல்லை வைத்து இதைச் சமாளிக்க முடியாது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு உடல் கொழுப்பைக் கரைத்துப் பார்த்து, அதுவும் எல்லை மீறி, சினை நச்சு நோயில் விழும். மந்தையிலிருந்து ஒதுங்கி நிற்கும், பல்லைக் கடிக்கும், கண் தெரியாததுபோல் முட்டி மோதும், மூச்சில் ஒரு புளித்த இனிப்பு வாடை வரும். இந்த ஆறு வாரமும் தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தை, ஆட்டின் எடைக்குத் தக்க 250 முதல் 500 கிராம் வரை, இரண்டு வேளையாகக் கொடுக்க வேண்டும். முன்பு தானியம் வேண்டாம் என்றேனே, இங்கே அது வேண்டும். புரதம் சரியாகிவிட்ட பிறகு சேரும் தானியத்தால் தொந்தரவு குறைவு.

மற்றவை சுருக்கமாக. தண்டைக்கூட மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்படி போட்டால் ஆடு இலையைப் பொறுக்கித் தின்று தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) ஊற்றினால் விரும்பித் தின்னும், ஆனால் அதில் புரதம் சொற்பம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கைக் காய வைத்தாலும் நஞ்சு போகாது, தூர எறியுங்கள். பழுப்பேறிய பழைய புல்லில் வைட்டமின் ஏ இருக்காது, மாதக்கணக்கில் அதுவே தீவனமானால் ஆட்டுக்கு அந்தியில் கண் மங்கும். வாரத்தில் சில நாள் கொஞ்சம் பச்சிலை காட்டினால் போதும்.

தொட்டியில் ஒரு பெரிய ஆட்டுக்கு 30 முதல் 40 சென்டிமீட்டர் இடம் இல்லையென்றால் முரட்டு ஆடுகள் தின்று கொழுக்கும், சாது ஆடுகள் பின்னால் நிற்கும். ரோமம் மூடியிருப்பதால் கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் முதுகிலும் கடைசி விலாவுக்குப் பின்னால் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு கூராகத் தட்டுப்படுபவற்றைத் தனிப் பட்டியில் பிரித்து, அவற்றுக்கு மட்டும் புண்ணாக்கைக் கூட்டுங்கள்.