நீங்க எழுதின சாஃப்ட்வேர்ல உங்க பேர் நிலைக்கணும்னா என்ன பண்ணணும்

சில வருஷம் முன்னாடி ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தேன், தனியாளா, நாலு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து. அப்புறம் ஒருநாள் வேற ஊர்ல ஒரு டைல்ஸ் கடைக்குப் போனா கல்லாப்பெட்டி பக்கத்துல அதே ஸ்கிரீன். எப்படி கண்டுபிடிச்சேன்னா, "நிலுவை"ங்கறத அவசரத்துல "நிலுவவை"ன்னு அடிச்சு வெச்சிருந்தேன், அது அப்படியே இருக்கு. சாஃப்ட்வேர எழுதினது யாருன்னு காட்டற "அபவுட்"ட கிளிக் பண்ணிப் பாத்தா வேற ஆள் பேரு, வேற போன் நம்பரு. எழுத்துப்பிழைய விட்டுட்டு என் பேர மட்டும் கரெக்டா திருத்தியிருக்காங்க!

கேக்கலாம்னா என் கைல என்ன இருந்துச்சு? தேதி தெரியாத ஒரு பென் டிரைவ், "முடிச்சுடலாம் அண்ணே"ன்னு நான் போட்ட ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், அவ்ளோதான்.

அதுக்கப்புறம்தான் சட்டத்தப் படிச்சேன். 1957 காப்பிரைட் சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமும் கதை கட்டுரை மாதிரி இலக்கியப் படைப்புதான், எழுதின நிமிஷமே உரிமை வந்துடும், பதிவு பண்ணாதான்னு இல்ல. ஆனா ஐடியாவுக்கு உரிமை கிடையாது, எழுதின கோடுக்குத்தான். நீங்க சம்பள ஆள்னா வேலையோட பாகமா எழுதினது கம்பெனிக்கு. ஃப்ரீலான்ஸ்னா உங்களுக்குத்தான், காசு வாங்கிட்டதால மட்டும் உரிமை கைமாறாது, எழுத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாதான் மாறும். எத்தனை வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும்னு சட்டமே எடுத்துக்கும். இன்னொண்ணு, உரிமைய முழுசா வித்துட்டாகூட "இத எழுதினது நான்"னு சொல்ற உரிமை 57வது பிரிவுல உங்ககிட்டயே இருக்கு, இது பாதிப் பேருக்குத் தெரியறதில்ல.

அதனால அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதிக்கங்க: சோர்ஸ் கோடு (நீங்க எழுதின மூல வரிகள்) யாருக்கு, அந்தக் கடையில மட்டுமா இல்ல அவங்க வேற ஆளுக்கு விக்கலாமா, "அபவுட்"ல உங்க பேர் இருக்கணுமா. "நம்மளுக்குள்ள எதுக்குப்பா பேப்பரு"ன்னு சொல்றவர்கிட்டதான் கண்டிப்பா வாங்கணும்.

அடுத்தது கிட் (Git), கோடுல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் தேதியோட, பேரோட பதிஞ்சு வெக்கற சாஃப்ட்வேர். முதல் நாள்லேந்து கமிட் பண்ணுங்க, அதாவது மாத்தினத அப்பப்போ அதுல பதிஞ்சிடுங்க, ஏன்னா ஃபைல் எப்படி வளந்துச்சுங்கற வரலாறு இருக்கே, கோட திருடினவனால அத சுலபமா காட்ட முடியாது. கமிட் தேதிய மாத்திக்க முடியும்ங்கறதால உங்க கம்ப்யூட்டர்லயே வெச்சுக்காம கிட்ஹப் மாதிரி வெளி சர்வர்ல, பிரைவேட்டா இருந்தாலும் சரி, அப்பப்போ ஏத்திடுங்க. இதுல ஒரு பெரிய பொறி இருக்கு: ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து எழுதின சொந்த புராஜெக்ட்டுல ஆபீஸ் ஈமெயில்லயே கமிட் போயிட்டிருக்கும், செட்டிங்க மாத்தாததால. நாளைக்கு கம்பெனி "இது எங்களுது"ன்னு வந்தா நீங்களே சாட்சி குடுத்த மாதிரி. ஆபீஸ் லேப்டாப்பும் வேண்டாம், அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் ஒரு தடவ எடுத்துப் படிச்சிடுங்க.

ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் காப்பிரைட், வருஷம், பேரு, ஒரே வரி. யாரு வேணா எடுத்துக்கற மாதிரி ஓப்பன் சோர்ஸா வெளியிடறீங்கன்னா, என்ன நிபந்தனையில எடுக்கலாம்னு சொல்ற லைசென்ஸ் ஃபைல் கட்டாயம் வைங்க. எம்ஐடி (MIT), ஜிபிஎல் (GPL)னு ரெடிமேட் லைசென்ஸ்கள் இருக்கு. எம்ஐடி போட்டா யாரு வேணா எடுத்து விக்கலாம், ஆனா உங்க காப்பிரைட் வரிய எடுக்கக் கூடாது. ஜிபிஎல் போட்டா மாத்தி வெளிய குடுக்கறவங்க சோர்ஸையும் சேத்துக் குடுக்கணும். "ஃப்ரீயா குடுத்ததுக்கு எதுக்கு உரிமை"ன்னு கேக்கறவங்களுக்கு அமெரிக்காவுல நடந்த ஜேக்கப்சன் - காட்சர் வழக்கச் சொல்லுங்க. பொம்மை ரயில் ஓட்டற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர், அதுலேந்து ஃபைல்கள எடுத்து எழுதினவங்க பேரையும் காப்பிரைட் வரியையும் தூக்கிட்டு காட்சர் தரப்பு சொந்த சரக்குல சேத்துட்டாங்க. லைசென்ஸ்ல சொன்ன நிபந்தனைய மீறினா அது காப்பிரைட் மீறலாவே ஆகலாம்னு 2008ல அப்பீல் கோர்ட் சொல்லுச்சு, 2010ல 1,00,000 டாலருக்கு சமரசம் ஆச்சு.

இதே கத்தி நம்ம பக்கமும் திரும்பும். நீங்க இழுத்துப் போட்ட லைப்ரரி (அடுத்தவங்க எழுதி வெச்ச ரெடிமேட் கோடு), ஐகான், ஃபான்ட் எல்லாத்துக்கும் லைசென்ஸ் இருக்கு, புரோகிராமர்கள் கேள்வி பதில் போடற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட்லேந்து காப்பி அடிச்ச பதினஞ்சு வரிக்கும் இருக்கு (அது கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற லைசென்ஸ், எழுதினவர் பேரச் சொல்லணும்). ஒரு "நன்றி" ஃபைல் தொறந்து, சேக்கறப்பவே எழுதிடுங்க, கடைசில உக்காந்தா பாதி மறந்துபோகும். மொழிபெயர்த்துக் குடுத்த தோழி, பிழை கண்டுபிடிச்ச கடைக்காரப் பையன் பேரும் வரட்டும், கேட்டுட்டுப் போடுங்க.

திருட்டு தெரிஞ்சா உடனே ஃபேஸ்புக்ல கத்தாதீங்க, கத்தினா அவன் அழிச்சிடுவான். மொதல்ல ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு, தேதி. அப்புறம் மரியாதையா ஒரு மெயில், பல பேர் இதுலயே திருந்திடறாங்க. மசியலன்னா, சரக்கு கிட்ஹப்ல இருந்தா டிஎம்சிஏ டேக்டவுன் (அமெரிக்க காப்பிரைட் சட்டப்படி "இத எடுத்துடுங்க"ன்னு கேக்கற நோட்டீஸ்) அனுப்பலாம், ஆனா அவன் எதிர் நோட்டீஸ் குடுத்து, நீங்க 10-14 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போகலன்னா திரும்ப வந்துடும்.

காப்பிரைட் ஆபீஸ்ல பதிவு பண்றது உங்க இஷ்டம், ஆனா கோர்ட்ல கை குடுக்கும். ஆன்லைன்லயே ஃபார்ம் 14, கட்டணம் 500 ரூபா, ஆட்சேபம் வருதான்னு 30 நாள் காத்திருக்கணும். 2021ல விதி மாறினதுக்கப்புறம் சோர்ஸ் கோடுல முதல் 10, கடைசி 10 பக்கம் குடுத்தாப் போதும், ஆனா எந்த வரியையும் கறுப்படிக்கக் கூடாது. அதனால பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எதாச்சும் அந்தப் பக்கங்கள்ல உக்காந்திருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க, எனக்கு 3வது பக்கத்துலயே ஒண்ணு இருந்துச்சு.