டம்ளர் என்று சொல்லும் பிள்ளை: பினாங்கில் வளர்ச்சி மதிப்பீட்டுக்குப் போகுமுன்

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நான்கு படங்கள் உள்ள ஓர் அட்டையைக் காட்டி, ‘கப்’ எது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசாமல் இருந்தான். எங்கள் வீட்டில் அதற்கு டம்ளர் என்று பெயர். “டம்ளர் எங்கடா தங்கம்?” என்று நான் கேட்டதும் சட்டென்று விரலை வைத்தான். “அம்மா உதவி செய்யக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் தாளில் சுழியம் போட்டார். கையில் வந்த அறிக்கை, அவன் புரிந்துகொள்வது ஒரு வயதுக் குழந்தை அளவுதான் என்றது. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வந்தது.

நான்கு மாதம் அப்படியே செய்தோம். ஆங்கிலம் தெரியாத என் மாமியார் பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். அவன் சொல்லிக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து வார்த்தைகளும் கேட்பாரில்லாமல் குறைந்தன.

அப்புறம் தமிழ் பேசும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டினோம். தாமதம் இருந்தது உண்மைதான். ஆட்டிசம் என்பதும் பிறகு உறுதியானது. ஆனால் அவன் புரிதல் அவன் பேச்சைவிட எவ்வளவோ முன்னால் இருந்தது. அது தெரிந்து தொடங்கும் பயிற்சி வேறு, தெரியாமல் தொடங்குவது வேறு. இங்கே மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் கோலாலம்பூர் ஐ.டி. நிறுவனங்களுக்கும் ஊரிலிருந்து சின்னப் பிள்ளையோடு வந்து இறங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், காத்திருக்காதீர்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ போல இரண்டு சொல் சேரவில்லை என்றால் போய்க் காட்டுங்கள். வந்த பேச்சு மறைந்தால், எந்த வயதானாலும் உடனே போங்கள். “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்கப்பாவும் அப்படித்தான்” என்று ஊரில் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனால் அந்த ஆறுதலில் எங்களுக்கு எட்டு மாதம் போனது.

இங்கே பிறந்த குழந்தைகளுக்கு கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார நிலையத்தில், ஒரு பதிவேட்டுப் புத்தகம் தருவார்கள். 18 மாதத் தடுப்பூசி சமயத்தில் ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் என்ற கேள்வித்தாளும் அதோடு நடந்துவிடும். நம் பிள்ளைகள் ஊர்த் தடுப்பூசி அட்டையோடு நடுவில் வந்து சேருவதால் அந்த வரிசையில் இருந்து நழுவிவிடுகிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள், நாமேதான் கேட்க வேண்டும். எம்-சாட்டின் இப்போதைய வடிவத்தில் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அது சலித்துப் பார்ப்பது மட்டுமே. அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் என்று ஆகிவிடாது, குறைந்தால் கவலையே இல்லை என்றும் ஆகிவிடாது.

கிளினிக்கில் டாக்டரிடம் சூராட் ருஜுக்கான், அதாவது மேல் மருத்துவமனைக்கான பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மிஸ்ஸிகளில், அதாவது நர்ஸ்களில், தமிழ் பேசுகிறவர்கள் பலர் உண்டு, தயங்காமல் தமிழில் கேளுங்கள். பினாங்கில் பினாங்கு பொது மருத்துவமனை. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராசில் உள்ள துவாங்கு முக்ரிஸ் மருத்துவமனை ஆகியவை இருக்கின்றன. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்), அரசு மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, பல மடங்கு. அப்படியும் பெரும்பாலும் தனியாரைவிடக் குறைவாக வரும். வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவர்கள் நாட்டிலேயே குறைவு என்பதால் தேதி மாதக்கணக்கில் தள்ளிக் கிடைக்கும். தேதியை வாங்கி வைத்துவிட்டு, அதுவரை சும்மா இராமல் பேச்சுப் பயிற்சியையும் ஓ.டி.யையும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) தொடங்கிவிடுங்கள். இரண்டுக்கும் நோயின் பெயர் எழுதிய தாள் தேவையில்லை.

இந்த இடைவெளியில் காது பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தையின் நடுக்காதில் நீர் தேங்கினாலே பாதிதான் கேட்கும். பார்ப்பதற்கு, கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை போலத் தெரியும்.

தனியாரிடம் போவதானால் ஒரு கேள்வியை முதலிலேயே கேளுங்கள்: பதிவு பெற்றவரா? 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டப்படி பேச்சுப் பயிற்சியாளர், ஓ.டி. பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், காது கேட்புப் பரிசோதகர் எல்லோரும் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அழகான வரவேற்பறையைப் பார்த்து முன்பணம் கட்டியவள் நான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். இங்கே வரிக் கணக்கில் குடியிருப்பாளர் ஆகிவிட்டவர்கள், 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் இந்த மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் வரிக் கழிவு கேட்கலாம். 2023 கணக்காண்டில் 4,000 வெள்ளி வரை இருந்தது, 2025இல் 6,000 ஆனது. அதற்கும் பதிவு பெற்றவரிடம் போயிருக்க வேண்டும்.

சரி, மொழி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மூன்று மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, பேச்சுத் தாமதமும் வராது. உண்மையான தாமதம் இருக்கும் பிள்ளைக்கு அது எல்லா மொழியிலும் தெரியும். அதனால் தமிழை விடச் சொன்னால் விடாதீர்கள். மதிப்பீட்டுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிள்ளை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவன் சொல்கிறபடியே எழுதி, பக்கத்தில் பொருள் எழுதுங்கள். என் நோட்டில் ‘தாவி’ என்றால் சாவி, ‘அம்பி’ என்றால் தண்ணீர். சொல் இல்லாமல் அவன் செய்வதையும் எழுதுங்கள்: கையைப் பிடித்து ஃபிரிட்ஜுக்கு இழுத்துப் போவது, மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நிற்பது, ‘செருப்பைக் கொண்டா’ என்றால் கொண்டு வருவது. இரண்டு நிமிட வீடியோக்கள் நாலைந்து எடுத்து வையுங்கள். புது அறையில் உறைந்துபோகும் பிள்ளைக்கு அவைதான் சாட்சி.

நாள் குறிக்கும்போதே தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால், கேள்வியை நீங்கள் தமிழில் திருப்பிக் கேட்க அனுமதி கேளுங்கள். கை காட்டாமல், ஜாடை செய்யாமல் கேட்பேன் என்றும் சொல்லுங்கள். எந்த மொழியில் சோதித்தார்கள் என்பதை அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். தமிழர்தான் என்றாலும் இந்த ஊர்த் தமிழ் கொஞ்சம் வேறு. “பசியாறிட்டியா?” என்று பாசமாகக் கேட்டால் நம் பிள்ளை விழிப்பான், “சாப்டியா?” என்றால்தான் தலையாட்டுவான். பக்கத்தில் இருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளி விஷயத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெற்றோரில் ஒருவர் மலேசியர், பிள்ளையும் குடிமகன் என்றால் சமூக நலத் துறையில் ஓ.கே.யு. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதியலாம். அதில் ஆட்டிசம் கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். அரசுப் பள்ளிகளில் பி.பி.கே.ஐ. என்ற சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன, சில தமிழ்ப்பள்ளிகளிலும் உண்டு. சேர்ந்த பிறகு மூன்று மாதம் வரை பிள்ளையைப் பார்த்துத்தான் இடத்தை உறுதி செய்வார்கள். மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. சார்பு விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இவற்றை நம்பித் திட்டமிட முடியாது. பெரும்பாலும் தனியார் ஆரம்பப் பயிற்சி மையம், அப்புறம் சர்வதேசப் பள்ளி. 1980களில் தொடங்கிய நாசோம் போன்ற ஆட்டிசச் சங்கங்களிடமும் விசாரித்துப் பாருங்கள். சர்வதேசப் பள்ளியின் விண்ணப்பத்தில் அறிக்கையை மறைக்காதீர்கள். நடுவில் தெரிந்து வெளியே அனுப்பினால் நொறுங்குவது பிள்ளைதான். கூடவே உட்காரும் உதவி ஆசிரியருக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் சேர்க்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

மதிப்பீட்டு நாளுக்குக் காலை நேரமாகக் கேளுங்கள், பிள்ளை தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் நேரம். அவனுக்குப் பழகிய சாமான் இரண்டு மூன்று பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை போனபோது நான் அவனுடைய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு போனேன். அந்தப் பயிற்சியாளர் அதைக் கையில் வாங்கி, தன் பொம்மைகளுக்கு நடுவில் வைத்து, தரையில் உட்கார்ந்து, “டம்ளர் எங்க கண்ணா?” என்று கேட்டார்.