மழைக்காலத்தில் கோழியும் வீட்டு விளையும் (தோட்டமும்): தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஆடி வரைக்கும் சாரல் விடாது. கொஞ்ச நாள் வெயில் காட்டிவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் மறுபடியும் கொட்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் இருப்பவர்களுக்கு மலையடிவார மழையும் சேர்ந்துகொள்ளும். வறண்ட மாவட்டங்களில் எடுத்த பண்ணை வீடியோக்களைப் பார்த்துக் கோழி வளர்க்க இறங்குகிறவர்கள் இங்கே முதல் மழையிலேயே திணறிப்போகிறார்கள். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கூரை ஒழுகக்கூடாது, பள்ளத்தில் கூடு கட்டக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான்கு பக்கமும் மூடிக் கட்டுவது

நான் பார்த்த வரையில் அதிகக் குஞ்சுகளைக் கொண்டுபோவது இந்த ஒரு தவறுதான். எத்தனை பேரிடம் சொன்னாலும் மழை இருட்டியதும் கை தானாகத் தார்ப்பாயைத் தேடிப் போகிறது.

எங்கள் ஊரில் ஒரு தம்பி வளைகுடா வேலையை விட்டு வந்து நாட்டுக்கோழி தொடங்கினான். கூடு நல்ல கூடு. தரை உயர்த்தி, கம்பிவலை அடித்து, ஷீட் போட்டு ஒழுங்காகக் கட்டியிருந்தான். ஐப்பசி மழை பிடித்ததும் பழைய பிளெக்ஸ் பேனர்களை வாங்கி வந்து, கூரையிலிருந்து தரை வரைக்கும் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டான். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராதுக்கா, பாருங்க" என்று கூட்டிப்போய்க் காட்டினான். உண்மைதான், மழை ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. ஆனால் கதவைத் திறந்து குனிந்ததுமே கண் எரிந்தது. ஷீட்டின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. தரையில் விரித்த மரத்தூளைக் கையில் அள்ளிப் பிடித்தேன், கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு அப்படியே நின்றது. மூலையில் குஞ்சுகள் இறக்கை தொங்க, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. எச்சத்தில் ரத்தம்.

"மழையே உள்ள வரலியே, பின்ன எப்படிக்கா ஈரம்?" என்று கேட்டான். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஈரம் கோழியிடமிருந்தே வருகிறது. வளர்ந்த பத்துக் கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சுக்காற்றாகவும் கூட்டுக்குள்ளேதான் இறங்கும். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். வெயில் காலத்தில் அது தானாகக் காய்ந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மழைக்காலத்தில் காற்று ஒன்றுதான் அதை வெளியே கொண்டுபோகும். அந்தக் காற்றைத்தான் பேனர் கட்டி நிறுத்திவிடுகிறோம்.

ஈரமான தூளிலிருந்து அம்மோனியா கிளம்பும். நின்றுகொண்டு முகர்ந்தால் லேசாகத்தான் தெரியும். கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் அதன் காரம் புரியும். அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். அப்புறம் சளி, கரகரவென்ற மூச்சு எல்லாம் சுலபமாக ஏறிக்கொள்ளும்.

அதைவிட மோசமானது ரத்தக் கழிச்சல். குடலில் வாழும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டைகள் உடனே நோய் தருவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் பக்குவப்படும். அதைக் கொத்தித் தின்னும் அடுத்த குஞ்சுக்குக் குடல் புண்ணாகும். பெரும்பாலும் 3 முதல் 6 வாரக் குஞ்சுகள்தான் மாட்டும். சாதாரணக் கிருமிநாசினி தெளித்தால் இந்த முட்டைகள் சாகாது. தூள் உலர்ந்திருந்தால் பக்குவப்படாது. ஆக, உலர்ந்த தரைதான் முதல் மருந்து. ரத்தத்தைப் பார்த்துவிட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்துக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பது எனக்குப் பொறுக்காத காரியம். அதற்குள் பாதிக் குஞ்சு போய்விடும். அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போய், தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் மாதிரி மருந்தை அளவு கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

சரி, மழையை எப்படித் தடுப்பது? கூரையை வெளியே நீட்டுங்கள். வலைச் சுவருக்கு வெளியே 3 அடி தாழ்வாரம் இருந்தால் பெரும்பாலான சாரல் அங்கேயே விழுந்துவிடும். அதையும் மீறி அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் படுதா போதும். அதையும் மேலிருந்து தொங்கவிடாமல் கீழே தரையோடு கட்டி, மேல்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். கூரைக்கு அடியில் ஓர் அடியாவது எப்போதும் திறந்திருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், கீழே நிற்கும் குஞ்சின் மேல் குளிர்காற்று நேராக அடிக்காது. முதல் சில வாரம் குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் பல்பைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையால் வளையம் வையுங்கள். அதற்காகக் கூடு முழுவதையும் மூட வேண்டியதில்லை.

இன்னொன்று, இரண்டு மழைக்கும் காற்று ஒரே திசையிலிருந்து வருவதில்லை. இடவப்பாதியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், ஆரல்வாய்மொழிப் பக்கம் அந்தக் காற்றின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். ஐப்பசியில் கிழக்குப் பக்கம் திரும்பிவிடும். ஜூனில் கட்டிய படுதாவை அப்படியே விட்டுவைத்தால் ஐப்பசியில் அது மழையையும் தடுக்காது, காற்றையும் விடாது.

தூளைத் தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டியானதை அன்றன்றே அள்ளிவிட்டு உலர்ந்ததைப் போடுங்கள். கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும், அதுதான் கணக்கு. ஈரத்தின் மேலேயே சுண்ணாம்பைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும். மில்லில் மழையில் நனைந்து கிடக்கும் மரத்தூளை மலிவென்று அள்ளி வருவதும் வேண்டாம், அதில் ஏற்கெனவே பூஞ்சை பிடித்திருக்கும். ஏப்ரல், மே மாதத்திலேயே உலர்ந்த உமியோ தூளோ சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

ஐப்பசியில் குஞ்சு இறக்குவது

வேண்டாம். தை பிறக்கட்டும்.

நனைந்த தீனியை வெயிலில் காயவைத்துக் கொடுப்பது

தேங்காய்ப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் மூன்றும் மழைக்காலத்தில் சட்டென்று பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையை வெயில் காயவைக்கும், அது விட்டுவைத்த அஃப்லாடாக்சின் நஞ்சை வெயில் முழுவதும் போக்கிவிடாது. கோழியின் ஈரலைத்தான் அது முதலில் பிடிக்கும். முட்டை குறையும், போட்ட தடுப்பூசியும் சரியாக வேலை செய்யாது. கட்டிபிடித்து வாடை வந்த தீனியை, விலையை நினைக்காமல் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். பத்துக் கோழி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் ஒரு வாரத் தீனிக்கு மேல் வாங்கி வைக்கத் தேவையே இல்லை. மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், மூடியுள்ள டிரம்மில் போட்டுப் பலகைமேல் வையுங்கள்.

டிரம்முக்கு இன்னொரு காரணமும் உண்டு. இறைந்த தீனிக்கு எலி வரும். எலி மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தால், காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றும். மழைக்காலத்தில் இது உயிரையே வாங்கும் காய்ச்சல். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூட்டுக்குப் போங்கள், பிள்ளைகளையும் வெறுங்காலோடு விடாதீர்கள்.

ரப்பர் மரத்தடியில் கூடு

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ரப்பர் மரங்கள் சாய்ந்ததற்குப் பிறகும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பச்சை எருவை மழையில் விளைக்குப் போடுவது

கூட்டைச் சுத்தம் செய்ததும் எருவை நேராக வாழை மூட்டிலும் கீரைப் பாத்தியிலும் கொட்டுவது பலருக்குப் பழக்கம். கோழி எருவில் தழைச்சத்து அதிகம், பச்சையாகப் போட்டால் இளம் வேரைக் கருக்கிவிடும். மழை வலுத்தால் அந்தச் சத்தும் கரைந்து ஓடிவிடும். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு. மேட்டில் கொட்டிய எரு கடைசியில் போய்ச் சேருவது பல நேரம் அந்தக் கிணற்றில்தான். கீரைப் பாத்தியில் போட்டால் மழைத்துளி தெறித்து எச்சம் இலையில் ஒட்டும், அதைத்தான் நாம் பறித்துச் சமைக்கிறோம்.

எருவைக் கூரைக்கு அடியில் குவித்து, காய்ந்த சருகோடு அடுக்கடுக்காகப் போட்டு இரண்டு மூன்று மாதம் மக்கவிடுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது என்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் தோட்டங்களில் இலை உதிர்ந்து கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். அப்போது சாக்குகளில் அள்ளி வைத்தால் அடுத்த மழை முழுவதும் கைகொடுக்கும். கூரைத் தண்ணீரும் எருக்குவியல் பக்கம் போகக்கூடாது. தாழ்வாரத்தில் பிவிசி குழாயைப் பாதியாகப் பிளந்து மாட்டி, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

மிளகுக்குப் போர்டோ அடித்த அன்று கோழியைத் திறந்துவிடுவது

மழைக்கு முன்னால் நல்லமிளகுக் கொடிக்கு 1 சதவீதப் போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்தைத் தெளிப்பது நல்ல வழக்கம். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு ஒரு கிலோ. ஆனால் மயில்துத்தம் கோழிக்கு நஞ்சு. கலக்கிய வாளியைக் கழுவிக் கொட்டும் இடத்தில் தேங்கும் நீலத் தண்ணீரைக் கோழி குடித்துவிடும். அன்றைக்கும் மறுநாளும் கூட்டிலேயே வைத்துத் தீனி போடுங்கள்.

நத்தை மருந்து

கோழி மேயும் விளையில் அந்தக் குருணை மருந்தைத் தூவவே கூடாது. ராத்திரியில் நனைந்த சாக்கை விரித்து வையுங்கள், காலையில் அதன் அடியில் கூடியிருக்கும் நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முட்டை குறைந்ததும் டானிக் வாங்குவது

கார்த்திகை, மார்கழியில் பகல் குறுகிவிடும், மேகமூட்டத்தில் வெளிச்சமும் குறைவு. அதோடு பல கோழிகள் இறகு உதிர்க்கும் காலமும் அதுதான். கோழி நன்றாகத் தின்று, கொண்டை சிவந்து, எச்சம் கட்டியாக இருந்தால் அதற்கு ஒன்றுமில்லை, தையில் தானாக முட்டை வைக்கும். கொண்டை வெளுத்து, எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்துப் போனால் அது வேறு விஷயம். அந்தக் கோழியைத் தனியே பிரித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.