துவாலுவுக்கு முதல் பயணம்: திட்டமிடுவது எப்படி?

பசிபிக் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது துவாலு. ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்ந்தே 26 சதுர கிலோமீட்டர் நிலம், சுமார் 11,000 மக்கள். 1978 அக்டோபர் 1 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 2000-இல் ஐ.நா. உறுப்பினரானது. வெளியிலிருந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர்தான் போகிறார்கள். அதிலும் பலர் அலுவலாகப் போகிறவர்கள்.

கடல்மட்டம் உயர்வதால் ஆபத்தில் இருக்கும் நாடு என்றுதான் நம்மில் பலர் துவாலுவைக் கேள்விப்பட்டிருப்போம். ‘மூழ்குவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று மட்டும் கிளம்பாதீர்கள். அங்கே மக்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், மண்ணைக் காக்கப் போராடுகிறார்கள். அவர்கள் வீட்டு விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்போடு திட்டமிடுங்கள்.

படி 1: முதலில் விமானம், மற்றதெல்லாம் அப்புறம்

துவாலுவுக்கு வழக்கமான வழி ஃபிஜிதான். தலைநகரான ஃபுனாஃபுட்டிக்கு ஃபிஜியிலிருந்து, பெரும்பாலும் சுவா நகரத்தை ஒட்டிய நௌசோரி விமான நிலையத்திலிருந்து, சிறிய விமானம் போகிறது. பயணம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். வாரத்தில் சில நாட்கள் மட்டுமே சேவை என்பதால், அந்த டிக்கெட்டை உறுதி செய்த பிறகே ஃபிஜி வரை போகும் டிக்கெட்டை எடுங்கள். மழையாலோ இயந்திரக் கோளாறாலோ ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததற்குப் பல நாள் காத்திருக்க நேரலாம். திரும்பும்போது ஃபிஜியில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவது அவசியம்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூர், ஹாங்காங் அல்லது சிட்னி வழியாக ஃபிஜியின் நாடி நகருக்குப் போகலாம். (எழுதுவது நாடி, சொல்வது நாந்தி.) அந்த இடைவெளி நாட்களில் நாடியில் இருக்கும் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைப் பாருங்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், திராவிடக் கட்டடக்கலையில் கோபுரம் எழுப்பி முருகனை வழிபடும் இடம் அது.

மே முதல் அக்டோபர் வரை போவது நல்லது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் உள்ள காலம். 2015 மார்ச்சில் வீசிய பாம் புயலின் அலைகள் துவாலுவின் பல தீவுகளைச் சேதப்படுத்தின.

படி 2: ஆவணங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவாக ஃபிஜிக்குள் போக முன்கூட்டி விசா வாங்கத் தேவையில்லை. சிட்னி வழியாகப் போனால் ஆஸ்திரேலிய இடைவழி விசா வேண்டியிருக்கும். துவாலுவின் நுழைவு விதிகளை டிக்கெட் எடுக்கும் முன் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

படி 3: பணம்

ஆஸ்திரேலிய டாலர், நோட்டாக. நாட்டின் முதல் ஏ.டி.எம். 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. அதை நம்பி வெளிநாட்டு அட்டையோடு மட்டும் போக வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு, படகு, பைக் வாடகை எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, விமானம் தள்ளிப்போனால் ஆகும் கூடுதல் நாள் செலவையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

படி 4: தங்குமிடமும் சாப்பாடும்

ஃபோங்காஃபாலே என்ற ஒல்லியான தீவுத் துண்டில்தான் விமான நிலையம், அரசு அலுவலகம், கடைகள், விடுதிகள் எல்லாம். சில இடங்களில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் ஒரே பார்வையில் தெரியும். விடுதிகள் குறைவு, மின்னஞ்சலில் எழுதி, பதில் வந்த பிறகே உறுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன், தேங்காய், ஈரப்பலா, அப்புறம் புலாகா என்னும் கிழங்கு ஆகியவை உள்ளூர் உணவு. பவளப்பாறை மண்ணில் நன்னீர் ஊறும் ஆழம் வரை குழி வெட்டி, இலைதழைகளை உரமாக்கிப் புலாகாவைப் பயிரிடுகிறார்கள். உப்புநீர் கீழிருந்து ஏறி அந்தக் குழிகளைப் பாழாக்குவதுதான் கடல்மட்ட உயர்வின் மிக நேரடியான அடி. அரிசி கப்பலில் வந்து இறங்கும். காய்கறி அரிது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பொடி, உலர்ந்த உணவு கொண்டுபோகலாம். ஆனால் ஃபிஜியில் உணவுப் பொருள் சோதனை கடுமை. படிவத்தில் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

படி 5: என்ன பார்ப்பது?

மாலையில் விமான ஓடுபாதைக்குப் போங்கள். விமானம் இல்லாத நேரத்தில் அதுதான் ஊரின் மைதானம்: கைப்பந்து, கால்பந்து, ரக்பி, நடைப்பயிற்சி. விமானம் வரும்போது சைரன் ஒலிக்கும், எல்லோரும் விலகிவிடுவார்கள். இந்த ஓடுபாதை 1942 அக்டோபரில் வந்திறங்கிய அமெரிக்கப் படையினர் போட்டது. அதற்காகத் தீவெங்கும் தோண்டிய பள்ளங்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரும் குப்பையுமாகக் கிடந்து, 2015-இல் நியூசிலாந்தின் உதவியோடுதான் நிரப்பப்பட்டன. 1943 ஏப்ரலில் ஜப்பான் குண்டு வீசியபோது தேவாலயத்துக்குள் கூடியிருந்த 680 பேரை லாட் என்ற அமெரிக்கச் சிப்பாய் வற்புறுத்திப் பதுங்குகுழிக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் அந்தத் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது.

அறிவியலில் ஆர்வமுள்ளவர்கள் ‘டேவிட்டின் துளை’ எங்கே என்று உள்ளூரில் கேளுங்கள். மெல்ல அமிழும் எரிமலையின் மேல் பவளம் வளர்ந்து வளர்ந்துதான் பவளத்தீவுகள் உருவாகின்றன என்ற டார்வினின் கருத்தைச் சோதிக்க 1890-களில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் இங்கே 340 மீட்டர் வரை துளையிட்டது. அவ்வளவு ஆழத்திலும் பவளச் சுண்ணாம்பே வந்தது.

ஒரு முழு நாளைக் காயலுக்கு ஒதுக்குங்கள். 1996-இல் அமைந்த ஃபுனாஃபுட்டி பாதுகாப்புப் பகுதி 33 சதுர கிலோமீட்டர். ஆளில்லாத ஆறு குட்டித் தீவுகள் அதற்குள் இருக்கின்றன. படகுக்கும் அனுமதிக்கும் உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். மீன் பிடிக்கவோ சிப்பி எடுக்கவோ கூடாது. ஊருக்குள் காயலோரம் மணல் கொட்டி உயர்த்திய 7 ஹெக்டேர் புது நிலத்தையும் நடந்து பாருங்கள். இந்த நாடு கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

படி 6: நடந்துகொள்ளும் முறை

ஆறு கிடையாது, குடிநீர் பெரும்பாலும் கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் மழைநீர். 2011 வறட்சியில் ஃபுனாஃபுட்டியில் ஒரு வீட்டுக்கு நாளைக்கு 40 லிட்டர்தான் கொடுத்தார்கள். விடுதியில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பையை உங்கள் பெட்டியிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கே அதைப் போட நிலம் இல்லை.

ஞாயிறு தேவாலயத்துக்கும் ஓய்வுக்குமான நாள். கடைகள் மூடியிருக்கும், ஆரவாரம் வேண்டாம். ஊருக்குள் நீச்சல் உடையில் நடக்கக் கூடாது. ‘தாலோஃபா’ என்று வணக்கம் சொல்லுங்கள், ‘ஃபாகாஃபெத்தாய்’ என்று நன்றி சொல்லுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

படி 7: வெளித்தீவுகள்

முதல் பயணத்தில் இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மற்றத் தீவுகளுக்கு அரசுக் கப்பல்தான் வழி; புறப்படும் நாளும் திரும்பும் நாளும் அடிக்கடி மாறும். கையில் பல வாரம் இருந்தால் மட்டும், ஃபுனாஃபுட்டி போய்ச் சேர்ந்த பிறகு துறைமுகத்தில் விசாரித்து முடிவு செய்யுங்கள்.