பி ஷிஃப்ட் கேட்டு வாங்குங்கள்: தூண்டில்காரன் வேலை தேடும் முறை

டிப்ளமோ முடித்த அக்கா மகன் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். "மாமா, சம்பளமும் வேணும், தூண்டில் போட நேரமும் வேணும். என்ன வேலைக்குப் போகட்டும்?" என்று கேட்டான். அவனுக்கு இரண்டு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு வயது 47. பதினெட்டு வருடமாக பாய்லர் ஓட்டுகிறேன். குடியிருப்பது தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் ஆத்தூர். தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயல் எனக்குப் பக்கம். உங்களுக்கு வேறு ஊர், வேறு தண்ணீர் என்றால் மீனின் பெயரையும் காற்றின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

வேலையைத் தேடும் முன்னால் எந்த மீன், அது எத்தனை மணிக்குக் கடிக்கும் என்று எழுதுங்கள். நிஜமாகவே ஒரு தாளில். எனக்கு முகத்துவாரத்துக் கொடுவா. தண்ணீர் ஏறி முடியப்போகும் கடைசி இரண்டு மணி நேரமும், இறங்க ஆரம்பிக்கும் முதல் ஒரு மணி நேரமும்தான் என் கையில் அது அதிகம் கடித்திருக்கிறது. அதுவும் வெயில் உறைக்கும் முன்னால். கடல் தண்ணீர் ஏறும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். திங்கட்கிழமை காலை நாலரைக்கு உச்சம் என்றால் செவ்வாய் ஐந்து இருபது, புதன் ஆறு பத்து, வியாழன் ஏழு.

இப்போது ஞாயிறு மட்டும் லீவு உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஏழு ஐம்பது, 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் தள்ளிவிடும். இந்த ஞாயிறு விடியலில் தண்ணீர் நிறைந்து நின்றால் அடுத்த ஞாயிறு அதே நேரம் வற்றிக் கிடக்கும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி நிறையும். ஆக மாதத்தில் இரண்டு நல்ல ஞாயிறு. அதில் ஒன்றைக் கல்யாணமோ காதுகுத்தோ கொண்டுபோய்விடும். ஒரே ஒரு காலைப்பொழுதுக்கு யாரும் தூண்டில் ரீல் வாங்க வேண்டாம்.

அதனால்தான் ஷிஃப்ட் வேலை. எங்கள் ஆலையில் ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2, பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10, சி ஷிஃப்ட் 10 முதல் காலை 6. வாரத்துக்கு ஒன்றாக மாறும். இதில் எல்லாரும் வெறுப்பது பி ஷிஃப்ட். சாயங்காலம் போச்சு, பிள்ளைகளைப் பார்க்க முடியாது, சினிமா கிடையாது, கடைத்தெரு கிடையாது. தூண்டில்காரனுக்கு அது பொன். காலை நாலரைக்கு எழுந்து ஐந்து மணிக்குத் தண்ணீரோரம் நின்றால் ஒன்பதரைக்கு வீடு. குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண் அசந்துவிட்டு வேலைக்குப் போகலாம். மேலே சொன்ன கணக்கில் விடியலில் தண்ணீர் ஏறும் வாரமாகப் பார்த்து பி ஷிஃப்ட் வாங்கினால் மூன்று நாளாவது பொருந்தி வரும். மற்றவர்கள் தள்ளிவிடப் பார்க்கும் ஷிஃப்டை நாம் கேட்டு வாங்குகிறோம் என்பதால் மேஸ்திரிக்கும் நம் மேல் பிரியம்.

ஏ ஷிஃப்ட் சுமார். மாலை நாலு மணிக்கு மேல் கொஞ்சம் போடலாம், ஆனால் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மாலையில் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து நிற்கும், கடி தெரியாது. சி ஷிஃப்ட் முடித்து நேராகத் தண்ணீருக்குப் போகாதீர்கள். நான் போனேன். கடற்கரையில் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் வளைத்துவிட்டிருப்பார்களே, அதற்குப் பெயரே தூண்டில் வளைவுதான், அதன் நுனியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். அலை முழங்காலில் அடித்துத்தான் எழுந்தேன். தூண்டில் கம்பு இருந்தது, ஒற்றைச் செருப்பு இல்லை. செருப்புக்குப் பதில் நான் சரிந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அடுத்தது பணம். நிறையப் பேர் "முதலில் நல்லாச் சம்பாதிச்சிடுவோம், அப்புறம் மீன் பிடிப்போம்" என்கிறார்கள். எவ்வளவு வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் பதில் இருக்காது. என் கணக்கு இது: ஒரு தடவை போய் வர பெட்ரோல் 50 ரூபாய், உயிர் இறால் 120, டீயும் வடையும் 50. மாதத்துக்கு எட்டுத் தடவை என்றால் 1,760. பாறையில் மாட்டி அறுந்துபோகும் தூண்டில் முள், ஈயம், நரம்பு எல்லாம் சேர்த்து 500. ரீல் உப்பு ஏறிச் சாகும், அதற்கு மாதா மாதம் 500 தனியாக எடுத்து வைப்பேன். மொத்தம் 2,760. மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூண்டிலுக்குப் போகக் கூடாது என்பது நானும் வீட்டுக்காரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். அப்படியானால் கையில் 28,000 வந்தால் போதும். இதற்காக வெளிநாடு போக வேண்டிய அவசியம் இல்லை.

இந்த 2,760-இல் பெட்ரோல் 50 என்று வருவதற்குக் காரணம் வீடு. தூத்துக்குடியில் இருந்தபோது அதுவே 150-ஐத் தொடும், அதோடு இருட்டில் ஒரு மணி நேர ஓட்டம். ஆத்தூரில் வாடகையும் குறைவு. வேலை கிடைத்ததும் வீட்டை ஆலை கேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் பாருங்கள். அரை மணி நேரம் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம்.

ஷிஃப்ட் ஒத்துவராது, உடம்பு தாங்காது என்பவர்கள் பருவத் தொழிலைப் பார்க்கலாம். மீனுக்குப் பருவம் இருக்கிறது, தொழிலுக்கும் இருக்கிறது, இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் உப்பளத்தில் மோட்டார், பம்ப் பழுது பார்க்கிறவர்களுக்கு வெயில் காலம் முழுக்க மூச்சுவிட நேரம் இருக்காது. ஐப்பசி மழை விழுந்தால் உப்பளம் படுத்துவிடும். அதே மழையில் குளம் நிறையும், விரால் நடமாடும். ஏசி மெக்கானிக்குக்கும் ஏறத்தாழ இதே கதை, பங்குனி முதல் ஆனி வரை பிடித்து உலுக்கிவிடுவார்கள், கார்த்திகையில் போனே வராது. கல்யாணப் போட்டோகிராபருக்கு ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள். ஆடியில் கடல் கலங்கிக் கிடந்தாலும் ஆற்றில் கெளுத்தி உண்டு. மார்கழியில் குளம் தளும்பும். அவர்களில் ஒருவர்தான் எனக்கு விரால் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

விராலைப் பற்றி ஒரு வார்த்தை, விஷயத்தை விட்டு விலகினாலும் பரவாயில்லை. அது மூச்சு வாங்க மேலே வரும் மீன். தாமரை இலை ஓரமாக 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு சின்ன வளையம். அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு ரப்பர் தவளையை இரண்டடி தள்ளிப் போட்டு, இலை மேல் ஏற்றி, மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். அடித்ததும் இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் சுண்ட வேண்டும். மழைக்காலத்தில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் குமிழி போல மேலே கொதிக்கும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே தவளையைப் போட்டால் நிச்சயம் அடிக்கும். நான் போடுவதில்லை. காவல் போனால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைக்காது. குளத்தில் மீன் பிடிக்கும் உரிமை மீன்பாசி ஏலத்தில் போயிருந்தால் குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் தூண்டிலுக்குப் பெரும்பாலும் சரி என்பார், வலைக்கு விடமாட்டார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அந்தப் பக்கமே போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு இல்லை. அந்த இரண்டு மாதமும் மார்க்கெட்டில் மீன் விலை ஏறிக் கிடக்கும், நம் தூண்டிலுக்கு வீட்டில் மரியாதையும் கூடும்.

வேண்டாத வேலை எது? போன் அடிக்கும் வேலை. நான் முதலில் மருந்துக் கம்பெனி ஒன்றில் ரெப்பாக இருந்தேன். வெளியில் சுற்றும் வேலை, நடுவில் இரண்டு மணி நேரம் திருடலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பையில் மாத்திரை சாம்பிள், பைக்கின் பக்கவாட்டில் கம்பு. ஒரு நாள் மாலை புன்னக்காயலில் இறாலைப் போட்டுவிட்டு நரம்பை ஆள்காட்டி விரலில் ஏந்தி நின்றேன். முதலில் இரண்டு தட்டு. அப்புறம் நரம்பு விரலை அறுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் அழைத்தார். போன் மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடுக்காவிட்டால் மறுநாள் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பார். கம்பை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு "சார்" என்றேன். அவர் திருச்செந்தூர் ஸ்டாக் எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் கம்பு, ரீல், மீன் மூன்றும் தண்ணீருக்குள் போய்விட்டன. 2,200 ரூபாய்க் கம்பும் ரீலும். அந்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

பாய்லர் ஹெல்பராகச் சேர்ந்தபோது சம்பளம் 1,500 ரூபாய் குறைவு. பாய்லர் அட்டெண்டண்ட் சான்றிதழில் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று உண்டு. அரசின் கொதிகலன் துறை தேர்வு நடத்தும், எழுத்தும் உண்டு, நேரில் கேள்வியும் கேட்பார்கள். இரண்டாம் வகுப்பு கையில் வந்ததும் சம்பளம் பழைய நிலைக்கு வந்தது, முதல் வகுப்பு வந்ததும் அதைத் தாண்டியது. சான்றிதழ் இல்லாத ஆளிடம் பாய்லரை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் ஆலைக்கு நம்மை எளிதில் கைவிட முடியாது. அதே காரணத்தால் அடுத்த ஷிஃப்ட் ஆள் வராவிட்டால் நம்மாலும் வெளியே வர முடியாது. 16 மணி நேரம் நின்ற நாட்கள் உண்டு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், ஆனால் நல்ல தண்ணீர் உள்ள நாளில் அந்தப் பணத்தை எண்ணக்கூட மனம் வராது.

ஆகவே இன்டர்வியூவுக்குப் போனால் சம்பளத்துக்கு அடுத்தபடியாக மூன்று கேள்வி கேளுங்கள். ரிலீவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் ஆள், வராவிட்டால் என்ன ஏற்பாடு? ஷிஃப்ட் அட்டவணையை எத்தனை நாள் முன்னால் ஒட்டுவார்கள்? இரண்டு பேர் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் யார் கையெழுத்து வேண்டும்? மீன் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதீர்கள், "வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள்" என்றால் போதும், பொய்யும் இல்லை.

அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே நம்பவும் வேண்டாம். இன்டர்வியூவுக்கு முதல் நாளே மதியம் ஒன்றரை மணிக்கு ஆலை கேட்டுக்கு எதிர் டீக்கடையில் போய் உட்காருங்கள். ஏ ஷிஃப்ட் ஆட்கள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். 2.10-க்குள் சைக்கிளும் பைக்குமாக வந்தால் நல்ல இடம். 2.40 வரை ஒவ்வொருவராக முகம் செத்து வந்தால் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கடைக்காரரிடம் "மாசம் எத்தனை தேதிக்குக் கடன் அடைப்பாங்க?" என்று கேட்டால் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பிடித்ததையே தொழிலாக்கிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் ஒரு வருடம் முள்ளும் நரம்பும் வாங்கி விற்றுப் பார்த்தேன். சரியாகத் தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் வாடிக்கையாளரும் வருவார். புன்னக்காயலில் ஒரு பெரியவர், ஆயுள் முழுக்க வள்ளத்தில் போனவர், நான் மூன்று மணி நேரம் நின்று ஒரு பாரை மீனோடு திரும்புவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏ தம்பி, ஒரு மீனுக்கு இம்புட்டு நேரமா? நாங்க இப்படி நின்னா அடுப்பு எரியுமா?" எரியாது அண்ணாச்சி என்றேன். தொழிலாகப் போகிறவருக்கு டீசலும் ஐஸும் கடனும் கணக்கில் நிற்கும், அவரால் கடி இல்லாத காலைப்பொழுதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

ஐந்து வருடம் முன்னால் எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஜெனரல் ஷிஃப்ட், காலை ஒன்பது முதல் ஆறு, 4,000 ரூபாய் கூடுதல். எட்டுக் காலை போய் இரண்டாகும். கணக்குப் போட்டுப் பார்த்து மறுத்துவிட்டேன். வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் "ஏங்க, அந்த 4,000 வந்திருந்தா மகளுக்கு பஸ் பீஸ் கட்டியிருக்கலாம்ல" என்றாள். அவள் சொன்னதும் சரி. அதற்காக மாதம் இரண்டு ஓவர்டைம் எடுக்க ஒத்துக்கொண்டேன், இன்றுவரை எடுக்கிறேன், தண்ணீர் பொருந்தாத நாளாகப் பார்த்து.

வேலையில் சேர்ந்தபின் முதல் மூன்று மாதம் தூண்டிலைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். ஒரு நாள் தாமதம் ஆனாலும் பழி மீன் மேல்தான் விழும். பத்து நிமிடம் முன்னாலேயே போய் ஷிஃப்டை வாங்குங்கள், முன்னால் நின்றவருக்கு அது பெரிய உபகாரம். அப்புறம் உங்கள் ரிலீவரைக் கவனியுங்கள். உங்கள் காலைப்பொழுது அவர் கையில் இருக்கிறது. பிடித்த மீனில் நல்ல துண்டத்தை அவர் வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள், கேட்காமலே ஷிஃப்ட் மாற்றிக்கொடுப்பார். எனக்கு வாய்த்தவர் சுத்த சைவம். அவருக்கு வாரம் ஒரு கவுளி ஆத்தூர் வெற்றிலை.