மூன்று கேடயம், ஒரு லேப்டாப்: ஆன்டிவைரஸ் தேர்வில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். "லேப்டாப் ரொம்ப ஸ்லோவாயிடுச்சு தம்பி, வைரஸ் வந்திருக்கும்போல, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் முழுசாக வந்து நிற்க ஆறு நிமிடம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியைத் தட்டியதும் விஷயம் புரிந்துவிட்டது. மூன்று கேடயப் படங்கள் வரிசையாக நின்றன. ஒன்று லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு. காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இன்னொன்று கடைக்காரர் போட்டுக்கொடுத்த ஒரு வருடச் சந்தா. மூன்றாவது, லீவுக்கு வந்த பேரன் "இது ஃப்ரீ தாத்தா" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனது. தேடிப் பார்த்ததில் வைரஸ் ஒன்றுகூட இல்லை.

"ஒரு பூட்டுக்கு ரெண்டு பூட்டு போட்டா பத்திரம்தானே?" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூட்டு, போட்ட இடத்தில் சும்மா தொங்கும். ஆன்டிவைரஸ் அப்படி இல்லை. நீங்கள் ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்தால், விண்டோஸ் அதைத் திறந்து கொடுப்பதற்கு முன்பே இடையில் புகுந்து, அதை முதலில் தான் படித்துப் பார்க்கும். இதற்காக விண்டோஸின் அடிமட்டத்தில் ஒரு டிரைவரை, அதாவது விண்டோஸோடு ஒட்டி ஓடும் ஒரு சின்ன நிரலை, போட்டு உட்கார்ந்திருக்கும். இப்போது இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவது ஒரு ஃபைலைப் படிப்பதற்காகத் திறக்கிறது. "யாரோ ஃபைலைத் திறக்கிறார்கள்" என்று இரண்டாவது தானும் அதைப் படிக்கப் போகிறது. ஒரே ஃபைலுக்கு இரண்டு சோதனை. ஒன்று முடிக்கட்டும் என்று மற்றது காத்திருக்க, சில சமயம் கணினி அப்படியே உறைந்து நிற்கும். முதலாவது பிடித்துத் தனியே அடைத்து வைத்த வைரஸை இரண்டாவது மோப்பம் பிடித்து அபாயமணி அடிப்பதும் உண்டு. இந்த ரகளையில் நிஜ வைரஸ் வந்தால் எது பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டைச் சேர்ந்து ஓட்டாதீர்கள் என்று தயாரிப்பு நிறுவனங்களே சொல்கின்றன. பழையதை எடுத்தால்தான் உள்ளே வருவேன் என்று பல இன்ஸ்டாலர்கள் அடம்பிடிப்பதும் அதனால்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரும் ஒரு ஆன்டிவைரஸ்தானே, வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் அது இரண்டாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும், வேறொரு ஆன்டிவைரஸ் வந்து பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதேபோல, மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு மாதிரி, நாம் ஸ்கேன் செய்யச் சொன்னால் மட்டும் வேலை செய்கிற கருவிகளால் சண்டை வராது. சந்தேகம் வந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுகிற மாதிரி அது. எப்போதும் விழித்திருக்கும் காவல், அதாவது ரியல்-டைம் புரொடெக்ஷன், ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஆசிரியர் வீட்டு மூன்றில் எனக்கு அதிகம் கவலை தந்தது அந்தக் காலாவதியான சோதனைப் பதிப்புதான். கேடயப் படம் கண்ணில் படுவதால் பாதுகாப்பு இருக்கிறது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். புது வைரஸ்களின் அடையாளங்கள் நாள்தோறும் வந்து சேர வேண்டும்; சந்தா முடிந்த பதிப்புக்கு அவை வருவதில்லை. இந்த மாதிரி நேரத்தில் விண்டோஸ் கவனித்து டிஃபெண்டரை எழுப்பிவிட வேண்டும். பெரும்பாலும் எழுப்பியும் விடும். ஆனாலும் அதை நம்பி விடாமல் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, செட்டிங்ஸ் போய், 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்பதை அழுத்துங்கள். ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் யார் யார் இருக்கிறார்கள், யார் ஆன், யார் ஆஃப் என்று வரிசையாகக் காட்டும். அரை நிமிட வேலை.

கழற்றுவதிலும் தவறு நடக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போய் ஆன்டிவைரஸின் ஃபோல்டரைக் கையாலேயே அழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது அழியாது. பாதி அழிந்தால் இன்னும் மோசம், அந்த அடிமட்ட டிரைவர் மட்டும் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் முறையாக அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சம் மீதியைத் துடைக்க நார்ட்டன், மெக்காஃபி, அவாஸ்ட், காஸ்பர்ஸ்கி எல்லோரும் தனித்தனி ரிமூவல் டூல் வைத்திருக்கிறார்கள். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட். காசு கொடுத்து வாங்கியதென்றால் லைசென்ஸ் கீயை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியில் எந்த ஒன்றை வைத்துக்கொள்வது?

டிஃபெண்டர் வெறும் பேருக்குத்தான் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. விண்டோஸ் விஸ்டாவில் அது வேவு மென்பொருளைத் தேடும் கருவி மட்டுமே. முழு ஆன்டிவைரஸ் இல்லை. 2009இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற இலவச ஆன்டிவைரஸ் தனியாக வந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக விண்டோஸுக்குள்ளேயே குடியேறியது. ஆரம்ப வருடங்களில் சோதனைகளில் பின்தங்கியதும் உண்மை. ஆனால் இன்றைக்கு நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டு சோதனைக்கூடங்களும் முக்கியமான ஆன்டிவைரஸ்களைப் பரிசோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. காசு கொடுத்து வாங்குகிறவற்றுக்குப் பக்கத்திலேயே டிஃபெண்டரும் நிற்பதை அங்கே பார்க்கலாம். ஒரே ஒரு வீட்டுக் கணினி, நெட் பேங்கிங், மெயில், யூடியூப், கொஞ்சம் வேர்டு, எக்செல். இவ்வளவுதான் என்றால் டிஃபெண்டர் போதும் என்பது என் கட்சி. ஆசிரியருக்கும் அதையேதான் சொன்னேன்.

காசு கொடுப்பதே வீண் என்று சொல்லவில்லை. வீட்டில் நாலைந்து கருவிகள் இருக்கின்றன, பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கட்டுப்படுத்த வேண்டும், ஏதாவது ஆனால் போன் போட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். புனேயின் குவிக் ஹீல், சென்னையின் கே7 போன்றவை நம் ஊரிலிருந்தே வருபவை. என்னென்ன தேவை என்று முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். "டோட்டல் செக்யூரிட்டி", "அல்டிமேட்" என்ற பெயரைப் பார்த்து வாங்கினால், விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர், கணினியைச் சுத்தம் செய்யும் கருவி என்று நீங்கள் தொடவே போகாதவற்றுக்கும் சேர்த்துப் பணம் போகும்.

அந்தச் சோதனைக்கூட முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. எத்தனை வைரஸைப் பிடித்தது என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் போய்விடுகிறார்கள். ஏவி-டெஸ்ட் மொத்தம் 18 மதிப்பெண் போடுகிறது: பாதுகாப்புக்கு 6, கணினியை மெதுவாக்காமல் இருப்பதற்கு 6, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்காமல் இருப்பது போன்ற பயன்பாட்டு வசதிக்கு 6. அந்தக் கடைசி ஆறை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஒரு அப்டேட் அனுப்பியது. விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் என்ற சிஸ்டம் ஃபைலையே அது வைரஸ் என்று பிடித்துவிட்டது. உலகம் முழுக்கக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகி, நெட்வொர்க் இல்லாமல் தவித்தன. அடிக்கடி அபாயமணி அடிக்கிற ஆன்டிவைரஸ்தான் விழிப்பானது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

இலவசம் என்றதும் யோசிக்காமல் இறக்குவது அடுத்த தவறு. நாம் திறக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் ஆன்டிவைரஸ் பார்க்கிறது. பார்த்ததை என்ன செய்கிறது என்பது அதை நடத்துகிறவர் கையில் இருக்கிறது. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றது 2020 ஜனவரியில் பத்திரிகைகளில் வெளியானது. ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. அந்த அவாஸ்ட் இப்போது நார்ட்டன், ஏவிஜி, அவிரா எல்லாவற்றோடும் சேர்ந்து ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. ஆக, ஒன்றைக் கழற்றிவிட்டு "வேறு கம்பெனி" என்று போடுவது சில சமயம் அதே வீட்டின் இன்னொரு வாசலாக இருக்கும்.

விலையில் ஒரு பொறி உண்டு. முதல் வருடத் தள்ளுபடி விலையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டாம் வருடத்து விலை கீழே பொடி எழுத்தில் இருக்கும். கார்டில் ஆட்டோ ரினியூவல் ஆன் ஆகியிருக்கும். வாங்கிய அன்றைக்கே அதை ஆஃப் செய்துவிடுங்கள். இதிலிருந்து பிறந்த மோசடியும் ஒன்று உண்டு: "உங்கள் ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, பணம் திரும்ப வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று பிரபல நிறுவனத்தின் பெயரில் மெயில் வரும். அழைத்தால், எனிடெஸ்க் போடுங்கள், பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்பார்கள். போட்டதும் திரை அவர்கள் கைக்குப் போய்விடும். அதேபோல, உலாவிக்குள் சிவப்பாகத் திரை நிறைந்து "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று வந்தால், அது உங்கள் ஆன்டிவைரஸ் இல்லை, வெறும் விளம்பரப் பக்கம். உலாவியை மூடுங்கள், போதும். ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

எனக்கு நிஜமாகக் கோபம் வருகிற இடம் கிராக், அதாவது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓட்டும் வழி. போட்டோஷாப் கிராக் இறக்குகிறார்கள். "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று அதில் எழுதியிருக்கிறது. அப்படியே செய்கிறார்கள். ஸ்டாப் அல்லது டிஜேவியூ (Djvu) என்று அழைக்கப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம் வீட்டுக் கணினிகளுக்குள் பெருமளவில் நுழைந்தது இந்த வழியில்தான். மறுநாள் கல்யாண போட்டோ ஒன்றுகூடத் திறக்காது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல் கிடக்கும். ஆன்டிவைரஸுக்கே கிராக் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைக் கலக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு மாதத்தில் அதைப் போடாதவர்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதற்கு மேல் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அடியில் இருக்கிற ஓட்டை ஓட்டைதான்.

ஆசிரியர் வீட்டுக்குத் திரும்புவோம். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி முடிக்க ஒரு மணி நேரமும் இரண்டு டம்ளர் காபியும் ஆயிற்று. டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது. ரான்சம்வேர் புரொடெக்ஷன் பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று உண்டு. வழக்கமாக ஆஃபில் இருக்கும். தெரியாத மென்பொருள் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைக்க விடாது. அதை ஆன் செய்தேன். எப்போதாவது நல்ல மென்பொருளையும் தடுக்கும், அப்போது என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். போட்டோக்களை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைக்கச் சொன்னேன்.

"ஒண்ணுதான் இருக்குன்னா, அது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். வாத்தியார் கேள்வி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐக்கார் என்ற ஐரோப்பிய அமைப்பு, ஆன்டிவைரஸைச் சோதிக்கவே 68 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு வரியை வைத்திருக்கிறது. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாக நடத்துவதென்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர்களுடைய தளத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டி, டெஸ்க்டாப்பில் சேவ் செய்யச் சொன்னேன். ஃபைல் தலைகாட்டிய வேகத்திலேயே காணாமல் போனது. திரையின் வலது மூலையில் அறிவிப்பு எட்டிப் பார்த்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இருங்க தம்பி, இன்னொரு தடவை செஞ்சு பார்க்கிறேன்" என்றார். நான் கிளம்பும்போது நாலாவது தடவை ஒட்டிக்கொண்டிருந்தார்.