பின்னால் இருக்கும் வலையைக் கவனியுங்கள்: வீட்டு அன்டெனாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே தொலைக்காட்சி அன்டெனா செய்பவர்கள் முன்புறத்தில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூடப் பின்புறத்தில் காட்டுவதில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவக் கம்பிகளை மில்லிமீற்றர் பார்த்து வெட்டுவார்கள். பின்னால் தெறிப்பியாக, அதாவது அலையைத் திருப்பி அனுப்பக் கட்டும் கம்பி வலையோ, தோட்டத்தில் மிஞ்சிக் கிடந்தது எதுவோ அதுதான். சமதரையில் இப்படிச் செய்தும் தப்பிக்கலாம். இலங்கையின் மலையகத்தில் முடியாது. பீதுருதாலகால மலையின் உச்சி 2524 மீற்றர் உயரம். அங்குள்ள கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நுவரெலியா நகருக்கு நேராக வந்துவிடும். தலவாக்கலை, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளில் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரைகளுக்கு அது மலைமுகட்டில் வளைந்தும், எதிர்ப் பாறைகளில் பட்டுத் தெறித்தும் பல வழிகளில் வருகிறது. அந்த இடங்களில் அன்டெனாவின் முதுகை மூடும் வலைதான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் தவறு ஓட்டையின் அளவில். அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டை இருக்கக்கூடாது என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் கிடைக்கும். 600 மெகாஹேர்ட்ஸுக்கு 50 சென்ரிமீற்றர். ஆகவே 5 சென்ரிமீற்றர் ஓட்டை போதும் என்று, காட்டுப்பன்றி வராமல் மரக்கறித் தோட்டத்தைச் சுற்றி அடைக்கும் 2 அங்குல வலையை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். விதி பொய்யில்லை, ஆனால் அது நயத்துக்கான விதி, அதாவது முன்பக்கத்து அலையைத் திரட்டும் திறனுக்கானது. 1 மில்லிமீற்றர் கம்பியில் பின்னிய 2 அங்குல வலை, 600 மெகாஹேர்ட்ஸில் தன்மீது விழும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மறுபக்கம் விட்டுவிடுகிறது. அதே கம்பியில் 1 அங்குல வலை என்றால் கசிவு சுமார் 4 சதவீதம். அரை அங்குல வலையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முன்பக்க நயத்தில் இந்த மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரு டெசிபெல் (சக்தி விகிதத்தைச் சொல்லும் அலகு) வித்தியாசம்தான் தெரியும். பின்பக்கத்து அலையை அடக்குவதில் தெரிவதோ 6 டெசிபெலுக்கும் 23 டெசிபெலுக்கும் உள்ள தூரம். நயத்தை மட்டும் பார்த்து வலை வாங்கினால் வித்தியாசமே இல்லை என்று தோன்றுவது இதனால்தான்.

முதுகுக் கசிவு உண்மையில் தொல்லை தருகிறதா என்பதைத் திரையிலேயே அளந்துவிடலாம். அனலாக் ஒளிபரப்பில் படத்தின் ஒரு கோடு இடமிருந்து வலமாக 52 மைக்ரோசெக்கனில் வரையப்படுகிறது. ஒரு மைக்ரோசெக்கனில் அலை 300 மீற்றர் ஓடிவிடும். படத்தின் அகலம் 40 சென்ரிமீற்றர் என்றால், திரையில் ஒரு சென்ரிமீற்றர் என்பது 390 மீற்றர் கூடுதல் பயணம். செய்தி வாசிப்பவரின் தோளுக்கு வலப்பக்கம் 3 சென்ரிமீற்றர் தள்ளி இன்னொரு தோள் நிழலாகத் தெரிகிறதா? அந்த நிழல் ஏறக்குறைய 1170 மீற்றர் அதிகம் சுற்றி வந்திருக்கிறது. அது நேர் பின்னாலிருந்து தெறித்து வந்தது என்றால், போய்த் திரும்பும் கணக்கில் அந்தப் பாறை சுமார் 600 மீற்றர் பின்னால் இருக்கிறது. இஸ்தோப்பில் நின்று திரும்பிப் பார்த்தால் எந்தப் பாறை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நிழல் இடப்பக்கம் விழுந்தால் கதை வேறு: நீங்கள் பிடித்திருப்பது தெறித்து வந்த அலையை, நேரலை பலவீனமாக வேறு பக்கத்திலிருந்து முந்தி வருகிறது. ஆழமான பள்ளத்தாக்குகளில் அப்படிப் பாறையைப் பார்த்து அன்டெனாவைத் திருப்பிவைப்பதே சில வீடுகளுக்குச் சரியான வழி. கோபுரம் இருக்கும் திசைக்குத்தான் திருப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

கணினியில் செய்யும் தவறுகள்

கட்டுவதற்கு முன் அன்டெனாவைக் கணினியில் மாதிரியாக வரைந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் 4நெக்2 என்ற இலவச மென்பொருளில்தான் தொடங்குகிறார்கள். அதன் உள்ளே கணக்குப் போடும் நெக்-2, அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் உருவாகி 1981இல் வெளியானது. கம்பிகளைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணிப்பது அதன் முறை.

இங்கே ஆர்வக்கோளாறுதான் முதல் எதிரி. கையில் இருக்கும் அரை அங்குல வலையை ஓட்டைக்கு ஓட்டை அப்படியே வரைந்துவிடுகிறார்கள். 60க்கு 80 சென்ரிமீற்றர் வலை என்றால் 6000 துண்டுகளைத் தாண்டும். 600 மெகாபைட் அளவுக்கு நினைவகம் விழுங்கும். அதையே 4 சென்ரிமீற்றர் கட்டங்களாக வரைந்தால் 635 துண்டுகள் போதும். கணக்கிடும் நேரம் துண்டுகளின் எண்ணிக்கையின் மும்மடியாக ஏறுவதால், பத்தில் ஒன்றாகக் குறைத்தால் வேலை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சீக்கிரம் முடியும்.

ஆனால் கட்டத்தைப் பெரிதாக்கும்போது கம்பியின் தடிப்பை என்ன செய்வது? பலர் கைக்கொள்வது சம பரப்பு விதி: கம்பியின் சுற்றளவு கட்டத்தின் அளவுக்குச் சமமாக இருக்கட்டும் என்பது. அது ஓட்டையே இல்லாத தகரத்தைப் போலி செய்வதற்கான விதி. வலைக்குப் போட்டால் முதுகுக் கசிவு கணினித் திரையில் மறைந்துபோகும், கூரையில் மறையாது. வலையின் கசிவைத் தீர்மானிப்பது, கம்பி இடைவெளியை, அந்த இடைவெளிக்கும் கம்பியின் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை மடக்கையால் (கணிப்பானில் ln) பெருக்கி வரும் தொகை. அந்தத் தொகை மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். 1 மில்லிமீற்றர் கம்பியாலான 1 அங்குல வலைக்குப் பதிலாக, 4 சென்ரிமீற்றர் கட்டத்தில் 3.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியைப் போட்டால் அதே அளவு கசியும். மலைப்பகுதிக்கு மாதிரி வரையும்போது இந்தச் சிறு திருத்தத்தைத் தவறவிடாதீர்கள்.

கம்பிகள் திரையில் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாலேயே இணைந்துவிட்டதாக நினைப்பதும் வழமையான பிழை. துண்டுகளின் முனைகள் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் நெக் அதை இணைப்பாக ஏற்கும். சந்தேகம் இருந்தால், எல்லாத் திசைகளின் நயத்தையும் சராசரி பார்க்கும் சராசரி நயச் சோதனையை ஓட்டுங்கள். இழப்பில்லாத கம்பியில், வெற்று வெளியில் விடை 1 வர வேண்டும். 1.12 வந்தால் நயம் அரை டெசிபெல் மிகையாகக் காட்டப்படுகிறது என்று பொருள். அதற்கு மேலும் விலகினால் மாதிரியையே திரும்ப வரைவது நல்லது.

மென்பொருள் பொருத்தம் பார்க்கும் ஒப்பீட்டுத் தடங்கலை 50 ஓமில் விட்டுவிட்டு, வரைபடம் மோசமாக இருக்கிறதே என்று கம்பிகளை மாற்றுபவர்களும் உண்டு. வண்ணத்துப்பூச்சி அன்டெனாவுக்கும் 75 ஓம் கேபிளுக்கும் இடையில் பாலுன் (தடங்கலை நான்கு மடங்கு மாற்றும் சிறு மின்மாற்றி) இருப்பதால் அங்கே 300 ஓம் என்று கொடுக்க வேண்டும். தடங்கல் எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் நிலையலை விகிதம் 3 என்றால் இழப்பு 1.25 டெசிபெல், 5 என்றால் இரண்டரை. இந்த இழப்பைக் கழித்து வரும் நிகர நயத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அதையும் ஒரே மீடிறனில் பார்த்துத் திருப்திப்படாமல், உங்களுக்குத் தேவையான எல்லா அலைவரிசைகளிலும் பார்க்க வேண்டும். இன்னொன்று: 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரையான விஎச்எஃப் வீச்சில் அலைநீளம் ஒன்றரை மீற்றர் அளவுக்குப் போய்விடும். அதைவிட உயர்ந்த மீடிறனான யுஎச்எஃப் வீச்சின் அளவில் செய்த அன்டெனாவிடம் அதையும் எதிர்பார்ப்பது வீண்.

தரைப் பிரதிபலிப்பைச் சேர்க்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அந்த மென்பொருளுக்குத் தெரிந்தது தட்டையான தரை மட்டும்.

கூரையில்

வலையை இரண்டு துண்டாக வாங்கி ஒட்டுப்போடும்போது ஒட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். உங்கள் பகுதியில் மற்ற அன்டெனாக்களின் கம்பிகள் படுக்கையாக இருந்தால், வலையிலும் மின்னோட்டம் படுக்கையாகவே ஓடும். 60 சென்ரிமீற்றர் அகல வலையின் நட்டநடுவில் நெடுக்காக ஒட்டு விழுந்தால், கிடைப்பவை 30 சென்ரிமீற்றர் துண்டுகள் இரண்டு. 470 மெகாஹேர்ட்ஸில் அரை அலைநீளமே 32 சென்ரிமீற்றர். அதாவது, அங்கே அந்த வலை தெறிப்பியாகச் சரிவர வேலை செய்யாது. ஒட்டு குறுக்காக, மேல் கீழாக இரண்டாகப் பிரியும்படி வரட்டும். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலையில் இரண்டு துண்டுகளை மேலே மேலே வைத்துக் கட்டினாலும் மின்சார ரீதியில் அவை தொடுவதில்லை. பூச்சைச் சுரண்டி ஈயம் வையுங்கள். கோழிக்கூட்டு வலையின் முறுக்குகள் மலைப்பனியில் துருப்பிடித்து ஒவ்வொன்றாகத் தொடர்பிழக்கும். பற்றவைத்த சதுர வலை விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

வலைக்கும் கம்பிகளுக்கும் இடையில் 10 முதல் 12 சென்ரிமீற்றர் இடைவெளி. சட்டமில்லாத வலை நடுவில் உப்பும். தென்மேல் பருவக்காற்றில் அது உள்ளும் புறமும் ஆட, படமும் கூடவே மங்கித் தெளியும். நான்கு பக்கமும் சட்டம் அடியுங்கள். பெரிய வலை என்றால் பெரிய பலன் என்று ஆளுயரத்துக்குக் கட்டுவது காற்றுக்குக் கொடுக்கும் பிடிமானம்தான். கம்பிகளின் ஓரத்திலிருந்து கால் அலைநீளத்துக்கு மேல் நீட்டினால் நயம் அதிகம் ஏறாது. தகரக் கூரையின் கீழே, பரணில் வைத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். கூரைக்கு மேல் ஒரு மீற்றராவது தூக்கி, மின்கம்பிகளுக்கு எட்டாத இடத்தில் நிறுத்துங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி வழமை என்பதால் கம்பத்துக்கு நிலத்தொடுப்பு போட்டே ஆக வேண்டும். கேபிளையும் இடி கேட்ட பிறகு ஓடிப்போய்க் கழற்றாமல், பகலில் வானம் கறுக்கும்போதே கழற்றிவையுங்கள்.